அத்தை வெட்டிய துட்டு

துட்டு என்றால் பணம் என்கிறார்கள் இப்போது. "கையில துட்டு இல்ல" என்று என் பேரன்கூடச் சொல்கிறான். அது ஒரு நாணயத்தின் பெயர், அதற்கென்று ஓர் உருவமும் கனமும் வாடையும் இருந்தன என்று சொன்னால், கதை விடாதே என்கிறான். அவனிடம் சொல்லிப் பயனில்லை. என் வயதை ஒட்டிய உங்களுக்குச் சொல்கிறேன். பாகூர்ப் பக்கமோ வில்லியனூர்ப் பக்கமோ, பிரெஞ்சுக்காரன் காலத்தில் மண்ணில் புரண்டு வளர்ந்தவர்கள் நீங்கள். உங்களில் சிலராவது அதைக் கையில் வைத்து உருட்டியிருப்பீர்கள்.

செம்புக் காசு. சின்னதுதான், ஆனால் தடித்தது. வட்டம் என்று சொன்னாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணல். ஒரு பக்கம் பிரெஞ்சு ராஜாவின் பூ. அது பூ என்பதே எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். நாங்கள் அதைக் கோழிக்கால் என்போம். மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்று இருக்கும். தேய்ந்துபோய் பாதி எழுத்துத்தான் தெரியும், விரலால் தடவினால் மீதி தட்டுப்படும். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தால் வியர்வையோடு சேர்ந்து ஒரு வாடை வரும். சோறு தின்னும்போதும் அது விரலில் இருக்கும். அம்மா கையைத் தட்டி மறுபடி கழுவச் சொல்வாள்.

எனக்கு விவரம் தெரிந்த நாளில் அது செல்லாத காசு. கடையில் நடந்ததெல்லாம் இங்கிலீஷ்கார ராஜாவின் தலை போட்ட அணாவும் காலணாவும் தம்பிடியும்தான். பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷ் காசு கொடுத்து உப்பு வாங்கினோம். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. துட்டு கடையிலிருந்து வெளியேறி வீட்டுக்குள் பதுங்கிக்கொண்டது. குழந்தையின் அரைஞாண் கயிற்றில், நிலைப்படிக்கு அடியில், அஞ்சறைப் பெட்டியின் மூலையில், எங்கள் பாண்டி ஆட்டத்தின் கட்டங்களில். அப்படி ஒன்றை வைத்துத்தான் என் வீட்டில் அந்தக் காரியம் நடந்தது. அதற்குப் பிறகு என் அம்மா ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் சோரியாங்குப்பம். ஆற்றைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் சீமை. வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான், அப்பாவின் அக்காவான அத்தை. அத்தை கலியாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அண்ணனைப் பெற்றது அம்மா என்றாலும் வளர்த்தது அத்தைதான். அவன் இடதுகைக்காரன். அந்தக் கையால் சோற்றைத் தொட்டால் சுள்ளென்று ஒரு அடி வைப்பாள், அடுத்த நிமிஷமே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சுவாள்.

அத்தையிடம் ஒரே ஒரு தங்கச் சங்கிலி இருந்தது. கேழ்வரகுப் பானைக்குள் துணியில் சுற்றி, பானை வாயைத் துணியால் மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருப்பாள். "இது யாருக்குத் தெரியுமா? உனக்கு வரப்போறாளே, அவளுக்கு" என்று அண்ணனைச் சீண்டுவாள். அவன் காது சிவந்துபோய் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஓடிவிடுவான்.

ஒரு கரும்பு வெட்டுக் காலத்தில் சங்கிலி காணாமல் போயிற்று.

பானை திறந்து கிடக்கிறது, அத்தை பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. கயிறு அவள் மடியில் கிடந்தது. அப்பா வந்தார், கத்தினார். வீட்டுக்குள் புழங்குகிற வெளியாள் ஒருத்திதான்: நெல் குத்த வரும் பெண். சேரியிலிருந்து வருவாள், என்னைவிடச் சின்னப் பிள்ளை ஒன்றைக் கூடவே கூட்டிவருவாள். அப்பா விசாரிக்கவே இல்லை. நேரே அவளிடம் போய், "நீயா எடுத்துக் குடுக்கிறியா, நான் பொலீசைக் கூப்புடட்டுமா?" என்றார்.

அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள். "பொலீசு இன்னாத்துக்கு? எல்லையம்மன் கோயில்ல காசு வெட்டிப் போடுங்க. எடுத்தவ நானா இருந்தா எங் கை வெளங்காமப் போவட்டும். இல்லன்னா இந்த வூட்டுல யாரும் என்னைப் பாத்து ஒரு சொல்லு சொல்லக் கூடாது."

காசு வெட்டிப் போடுவது உங்களுக்குத் தெரியும். பொருளைப் பறிகொடுத்தவர் ஈரச் சேலையோடு சாமி முன்னால் நின்று ஒரு காசை இரண்டாக வெட்டவைத்து, எடுத்தவனைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டு வருவது. பொலீசுக்குப் பயப்படாதவனும் அதற்குப் பயப்படுவான்.

அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. தெருவே கூடி வெட்டு வெட்டு என்றது. அத்தை மட்டும் வேண்டாம் என்றாள். "போனது போவட்டும், வுடுங்க" என்றாள். "அப்படின்னா இவதான் எடுத்தா, நீ இரக்கப்படுறே" என்று அப்பா நெல் குத்துகிறவளைக் காட்டினார். அத்தை அந்தப் பெண்ணையும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அஞ்சறைப் பெட்டியைத் துழாவி ஒரு துட்டை எடுத்துவந்தாள்.

"அண்ணி, அது செல்லாத துட்டாச்சே" என்றாள் அம்மா.

"செல்லாட்டா இன்னா? வெட்டத்தானே போறோம்."

வெள்ளிக்கிழமை காலை போனோம். மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து உருண்டையாகப் பிடித்து, அதற்குள் துட்டைப் புதைத்து, தட்டில் வைத்திருந்தாள் அத்தை. அவள் குளத்தில் முழுகப் போனபோது தட்டு அம்மா கையில் இருந்தது. நான் கர்ப்பூரத்தோடு பக்கத்தில் நின்றேன். அம்மா சட்டென்று திரும்பிக்கொண்டாள். உருண்டையைப் பிளந்து துட்டை எடுத்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு தம்பிடியை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்து மூடி, ஈரக் கையால் வழித்துச் சரிசெய்தாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மஞ்சளுக்குள் போய்விட்டால் எது ராஜா தலை, எது கோழிக்கால் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

துட்டை என் கையில் திணித்தாள். "செல்லாத காசைக் குடுத்தா சாமி இன்னாடி செய்யும்? பாவம், உங்க அத்தைக்கு இருந்ததே அது ஒண்ணுதான். அவகிட்டச் சொல்லாத."

அன்பினால்தான் செய்தாள். அதை அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

பூசாரி உருண்டையைக் கல்லின்மேல் வைத்து உளியைப் பிடித்து ஓங்கி அடித்தார். ஒரே அடியில் மஞ்சளும் காசும் இரண்டாயின. அத்தை இப்போது வாய்விட்டுச் சபிக்க வேண்டும். ஊரே அதற்காகத்தான் நின்றது. அவள் கை கூப்பி, "அம்மா, உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். ஈரத்தில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அத்தைக்குப் பேச வாய் வரவில்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. முன்னால் வந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, "எடுத்த கை வெளங்காமப் போவட்டும்! கடலு தாண்டிப் போனாலும் உடாத தாயே!" என்று அலறினாள்.

அத்தை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எனக்கு அப்போது பொருள் தெரியவில்லை. பூசாரி இரண்டு துண்டுகளையும் கோயிலுக்குப் பின்னால் இருந்த பாழுங்கிணற்றில் போட்டார். அதற்கு முன் வெட்டிய எத்தனையோ பேரின் காசுகளும் அதற்குள்தான் கிடந்தன.

அதற்குப் பிறகு ஊர் இருந்த இருப்பை என்னவென்று சொல்ல! யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பார்கள். மளிகைக்காரருக்கு மணிக்கட்டில் சுளுக்கு என்றதும் அவர் கடையில் கூட்டம் குறைந்தது. வாத்தியார் கட்டைவிரலில் முள் குத்தி வீங்கியதை வைத்துக்கொண்டு நாங்கள் பள்ளிக்கூடத்தில் பட்ட உற்சாகம் கொஞ்சமல்ல. நெல் குத்துகிறவள் தினமும் காலையில் வந்ததும் அப்பாவுக்கு எதிரே நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் உலக்கையைத் தொடுவாள். அப்பாவுக்கு அந்தச் சமயம் பார்த்து நகச்சுற்று வந்தது. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டே திரிந்தார். சொந்த அக்காள் நகையைத் தானே எடுத்துவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதோ என்னவோ!

கள்ளுக்கடையில் வேறு வழக்கு நடந்தது. எல்லாரும் வெட்டியது துட்டு என்றே நினைத்தார்கள். செல்லாத காசு சாமியிடம் செல்லுமா என்பது ஒரு கட்சி. எடுத்தவன் ஆற்றைத் தாண்டி இங்கிலீஷ்காரன் சீமைக்குப் போயிருந்தால் பிரெஞ்சு ராஜாவின் துட்டு அங்கே என்ன செய்யும் என்பது இன்னொரு கட்சி. "அது எல்லையம்மன்தானே, எல்லைக்கு அந்தாண்ட அதுக்கு இன்னா வேலை?" என்று ஒருவர் கேட்டு உதை வாங்காமல் தப்பினாராம். அப்பா வந்து இதைச் சொல்லும்போது அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு உள்ளுக்குள் சிரிப்பாள். உண்மை தெரிந்த பெருமை அவளுக்கு. என்னைப் பார்த்து ஒரு கண்சாடை. எனக்கும் பெருமைதான்.

அண்ணன் அந்த நாட்களில் வீடு தங்கவில்லை. கரும்புக் கொல்லை, பாகூர் ஏரிக்கரை, புதுச்சேரி என்று அலைந்தான். ஒருநாள் வந்து சாய்கோனுக்குப் போகப் போவதாகச் சொன்னான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த தெரிந்தவர் ஒருவர் அங்கே வேலை பார்த்துத் தருகிறாராம், கப்பல் செலவும் அவரே பார்த்துக்கொள்கிறாராம். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊரெல்லாம் சொன்னார். அங்கே போய்ச் சம்பாதித்து வந்தவர்கள்தான் ஊரில் ஓட்டு வீடு கட்டினார்கள்; எங்கள் பக்கத்தில் சாய்கோன் என்றால் ஓட்டு வீடு என்று அர்த்தம்.

புறப்படுகிற நாளில் அத்தை வாசலுக்கு வரவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறவன் எதிரில் தான் வரக்கூடாது என்று அவளே வைத்துக்கொண்ட விதி. மாட்டுக்கொட்டகையிலிருந்து, "கை பத்திரம்டா" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. அவன் ஓடிப்போய் உள்ளே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான்.

வண்டி கட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனோம். கப்பல் தூரத்தில் நின்றது. கடலுக்குள் நீண்டிருந்த பாலத்திலிருந்து படகில் ஏறிப் போக வேண்டும். அப்பா பெட்டியோடு முன்னால் போய்விட்டார். அண்ணன் அம்மாவின் காதருகே குனிந்தான். நான் அவள் சேலைக்குள் ஒடுங்கி நின்றிருந்தேன், எனக்குக் கேட்டது.

"அம்மா, அத்தை சங்கிலியை நாந்தான் எடுத்தன். கப்பலுக்குக் கட்ட வேற வழி தெரியல. ரெண்டு வருஷத்துல ரெண்டு சங்கிலியா கொண்டாந்து போட்டுர்றன். அதுவரைக்கும் சொல்லாத."

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் படகுக்காரன் கத்தினான், அண்ணன் படகில் இறங்கிவிட்டான். படகு ஏறி இறங்கிப் போயிற்று. அண்ணன் இடதுகையைத் தூக்கி ஆட்டினான். மற்றவர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அழுதார்கள். அம்மா அந்தக் கையை மட்டும் பார்த்தாள். கடல் தாண்டினாலும் விடாதே என்று அவள் வாயால் சொல்லியிருந்தாளே!

திரும்பி வரும்போது அவளால் வண்டிக்குள் உட்கார முடியவில்லை. இறங்கி நடந்தாள், மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள். பிள்ளையைப் பிரிந்த துக்கம் என்று அப்பா நினைத்தார்.

மறுநாளே வெயில் ஏறுமுன் என்னை இழுத்துக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் போனாள். யாருக்கோ கேட்பதாகச் சொல்லிக் கேட்டாள்: வெட்டின காசை மறுபடி சேர்க்க முடியுமா?

"முடியும். வெட்டினவங்க வரணும், எடுத்தவனும் வரணும். ரெண்டு பேரும் சேந்து நின்னாத்தான் அம்மன் சாபத்தை எடுப்பா."

"எடுத்தவன் வர முடியாத இடத்துல இருந்தா?"

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. வெட்டினவங்க மனசு ஆறிச்சின்னா கொஞ்சம் தணியும்." பிறகு அவர் சிரித்தார். "உங்க வூட்டுக் காரியத்துக்கா பயப்படுறே? அதுக்கு இன்னாத்துக்கு? நீங்க வெட்டினது துட்டுதானே? செல்லாத காசை அம்மா கணக்குலயே சேக்க மாட்டா. வெறுஞ் செம்பு."

அம்மா எழுந்தாள். வழியெல்லாம் என் கையை நெரித்துக்கொண்டே வந்தாள். வலித்தது, சொல்லப் பயமாக இருந்தது.

அத்தை முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா போய் அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, மன்னிச்சிடு. எடுத்தவன் உம் புள்ளைதான். பாலத்துல வெச்சி எங்கிட்டச் சொன்னான்."

அத்தை முறத்தைக் கீழே வைக்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள்.

அம்மா நிமிர்ந்தாள்.

"பானை வாயில போட்டிருந்த முடிச்சைப் பாத்தன். எடதுகைக்காரன் போட்ட முடிச்சி. இந்த வூட்டுல வேற யாருக்குடி எடதுகை? அதான் நீங்க யாரும் வரதுக்குள்ள கயித்தை அவுத்து மடியில வெச்சிக்கினன்." அத்தை முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. "அவனுக்குன்னு வெச்சதை அவன் எடுத்துக்கினான். வாயைத் தொறந்து கேட்டிருந்தா நானே குடுத்திருப்பன். இத்தைப் போயி சாமிகிட்டச் சொல்லுவனா? உம் புருஷன் அந்தப் பொண்ணை உண்டு இல்லன்னு பண்ணிக்கினு இருந்தான். வெட்டலன்னா அவ தலையில விடியும், வெட்டினா இவன் தலையில விடியும். அதான் தேடிப் புடிச்சி துட்டா எடுத்தன். செல்லாத காசு. அவளும் தப்பிச்சா, இவனும் தப்பிச்சான். நீதான் நடுவுல பூந்து கத்தித் தொலைச்சே. போவட்டும், காசு செல்லலன்னா கத்தல் மட்டும் எங்க செல்லப் போவுது?"

சொல்லிவிட்டுப் புடைக்க ஆரம்பித்தாள். உமி பறந்து அம்மாவின் தலையில் விழுந்தது. அம்மா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். இப்போது சொல்வாள், தம்பிடியைப் பற்றிச் சொல்லிவிடுவாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடந்திருக்கும் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எடுத்தவன் வராமல் காசைச் சேர்க்க முடியாது. அத்தையின் நிம்மதி போனதுதான் மிச்சமாக இருந்திருக்கும். இருவரில் ஒருவராவது தூங்கட்டும் என்று நினைத்திருப்பாள். இதைப் புரிந்துகொள்ள நான் இரண்டு பிள்ளை பெற வேண்டியிருந்தது.

அன்று மத்தியானம் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். "அந்தத் துட்டு எங்கடி?"

என் பாண்டிச் சில்லுகளோடு கிடந்தது. கொடுத்தேன். அதைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துப் புதுச்சேரி என்ற எழுத்து பளிச்சென்று தெரியும்வரை விளக்கினாள். கோயிலுக்கு ஓடினோம். பூசாரி இல்லாத நேரமாகப் பார்த்துப் பாழுங்கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். முள்ளும் சருகும் இருட்டும்தான் தெரிந்தன. அதற்குள் எந்தத் துண்டைத் தேடுவது? அம்மன் முன்னால் வந்து, "இதுதாந் தாயே அவ குடுத்தது. இத்தை எடுத்துக்க, அந்தத் தம்பிடியைத் திருப்பிக் குடுத்துடு" என்று அழுதாள். பிறகு உண்டியலில் போடப் போனாள். அதற்குள் பூசாரி வந்துவிட்டார்.

"ஏம்மா, துட்டையா போடுறே? அது செல்லாதுன்னு தெரியாதா?" என்று வாங்கிப் பார்த்துவிட்டு அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

வரும் வழியில் அதை ஆற்றில் வீசினாள்.

பிறகு யுத்தம் வந்தது. கொஞ்ச நாளில் சாய்கோன் கப்பல்கள் நின்றன. அண்ணனிடமிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது, சேதி நின்றது. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பால் கறந்துகொண்டே இருப்பவள் பாதியில் எழுந்து வாசலுக்கு வருவாள். சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை மறந்து தெருவுக்குப் போவாள். பாகூர் சந்தையில் கை முறிந்த ஆளையோ கை சூம்பிய பிச்சைக்காரனையோ பார்த்துவிட்டால் அன்று முழுக்கப் பேச்சு இருக்காது. எனக்கு அவள்மேல் எரிச்சல்கூட வந்தது. ஒரு தம்பிடிக்கு இத்தனை அதிகாரமா என்று தோன்றும், மறுகணம் அண்ணன் ஆட்டிய கை கண்ணில் வரும்.

அத்தையோ கல்லுக் குண்டாக இருந்தாள். "வருவான். அவனுக்கு ஒண்ணும் ஆவாது" என்பாள். அவனுக்குப் பிடித்த கேழ்வரகு மாவைப் பொங்கலுக்குப் பொங்கல் புதிதாக அரைத்து வைப்பாள். நெல் குத்துகிறவளும் அவளும் நெருங்கிய சிநேகிதிகளாகிவிட்டார்கள். அப்பா மட்டும் சாகும்வரை அந்தப் பெண்ணை நம்பவில்லை. அவள் தன் குழந்தைக்கு ஒரு புதுப் பாவாடை வாங்கினால்கூட இவருக்குச் சங்கிலி ஞாபகம் வரும்.

யுத்தம் முடிந்து கப்பல்கள் வந்தன. போனவர்களில் சிலர் தொப்பியும் பூட்சுமாக இறங்கினார்கள். அண்ணன் இறங்கவில்லை. சாய்கோனை விட்டு உள்நாட்டுக்குப் போனான் என்றார் ஒருவர். தெரியாது என்றார்கள் மற்றவர்கள். அவன் எங்கே, எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அத்தை படுத்துவிட்டாள். கடைசிச் சில நாட்கள் அம்மாதான் அவள் வாயில் பால் ஊற்றினாள். ஒரு சாயங்காலம் அத்தை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குரல் இல்லை, காற்றுத்தான் வந்தது.

"ஏன்டி இப்படிப் பறந்துகினே இருக்கிறே? உக்காரு. அவன் வரும்போது நான் இருக்க மாட்டன். வெட்டின காசைச் சேக்கணும், அதைப் பண்ணு இதைப் பண்ணுன்னு எவனாவது சொன்னா கேட்டுக்காத. சேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. அது செல்லாத துட்டு."

அம்மா அவள் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள்.

"ஆமா அண்ணி. செல்லாது" என்றாள்.